பன்னிரண்டு நாய்களும் ஒரு புட்டுப்பானையும்

கடிதத்தை இரண்டாவது தடவை படித்து முடித்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது. அதை எழுதவே இப்போது கூசுகிறது. பன்னிரண்டு நாய்கள் செத்திருந்தன. ஒரு மனிதரின் இருபத்தாறு வருட வேலை அன்று பிற்பகல் மூன்று மணிக்குப் போகவிருந்தது. நானோ சாவகச்சேரியில் எங்கள் மிருக வைத்தியக் கந்தோரில், காலை ஒன்பது மணிக்கு, நாற்காலியில் சாய்ந்திருந்து சந்தோஷப்பட்டேன்.

“கத்தரீனா, கொலைகாரன் ஆரெண்டு தெரிஞ்சுபோச்சு.”

மருந்துப் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்த கத்தரீனா திரும்பிப் பார்த்தாள். பாசையூர்க்காரி. ஐம்பது வயது. கந்தோரில் மருந்து கொடுப்பதும் பதிவு எழுதுவதும் அவளுடைய வேலை. நான் எதையாவது துப்புத் துலக்கப் புறப்பட்டால் பின்னால் சைக்கிளில் வந்து என் முடிவுகளைக் கிண்டல் செய்வது, சம்பளம் இல்லாமல் அவள் பார்க்கும் வேலை.

“ஆள் எந்த ஊர்?”

“கண்ணுக்குத் தெரியாத ஆள். வைரஸ். தடுப்பூசி எண்டது பொலிசுக்குக் கள்ளன்ரை படத்தைக் குடுக்கிறமாதிரி. படத்திலை மீசை இருக்கு. எங்கடை கள்ளன் மீசையை வழிச்சுப்போட்டான். அதாலை நாயின்ரை உடம்புக்கு அவனைத் தெரியேல்லை.”

“பொருளாதாரத் தடையிலை பிளேட் வாங்க வழியில்லாமல் ஊரிலை ஆம்பிளையள் முழுக்கத் தாடியோடை திரியினம். இவனுக்கு மட்டும் எங்காலை கிடைச்சது?”

நான் சிரித்தேன். பேராதனையில் எனக்குப் படிப்பித்த பேராசிரியரின் கடிதம் அது. மாசி மாதம் செத்த இரண்டு நாய்களின் மூளைத் துண்டுகளைப் போத்தலில் அடைத்து, செஞ்சிலுவைக் கப்பலில் அனுப்பியிருந்தேன். அவர் அவற்றை வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறார். எங்கள் நாய்களைக் கொல்லும் டிஸ்ரெம்பர் வைரஸ், தடுப்பூசி செய்யப் பயன்படும் பழைய வைரஸிலிருந்து தலைமுறை தலைமுறையாக மெல்ல விலகிப்போயிருக்கிறது, அதன் வெளிப்போர்வை மாறியிருக்கிறது என்று பதில் வந்திருந்தது.

கத்தரீனா கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

“இந்தக் கடைசிப் பந்தியை ஏன் டொக்டர் சொல்லாமல் விட்டனீங்கள்?”

அவள் சத்தமாக வாசித்தாள். “அவசரப்படாதே, ஞானாம்பிகை. வைரஸ் மாறியது உண்மை. அந்த மாற்றம் தடுப்பூசியைத் தோற்கடிக்கப் போதுமானதா என்பது வேறு கேள்வி. தடுப்பூசி போட்ட நாய் ஒன்று, நோயாளி நாயோடு படுத்தெழும்பியும் பிழைத்திருக்கிறதா என்று தேடிப்பார். ஒன்றே ஒன்று இருந்தாலும், ஏன் பிழைத்தது என்று கேள்.”

கண்ணாடியை இறக்கினாள். “பேராசிரியர் சொல்லுறது சரிதானே. என்ரை மனுசன் மீசையை வழிச்சாலும் தாடியை வைச்சாலும் கள்ளுக்கொட்டிலுக்குள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாலும் நான் பிடிச்சிடுவன். மீசையை மட்டும் பாத்தோ ஆளைப் பிடிக்கிறது?”

அந்தப் பந்தியை நான் ஏன் விட்டேன்? மீசாலையில் களவுபோன பசுவை அதன் காதில் இருந்த உண்ணியை வைத்துக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஊர் என்னை ‘சி.ஐ.டி. டொக்டர்’ என்றுதான் சொல்கிறது. அந்தப் பெயரில் எனக்கு உள்ளூர ஆசை இருந்தது. அந்தப் பெயரோடுதான் மூன்று கிழமைக்கு முன்பு தியாகலிங்கத்தைக் குற்றவாளி என்று அறிக்கை எழுதினேன்.

விஷயம் இதுதான். வைகாசியில் ஒரு தரும ஸ்தாபனம் அறுபத்தெட்டு நாய்களுக்கான டிஸ்ரெம்பர் தடுப்பூசி தந்தது. கரண்ட் இல்லாத ஊருக்கு, ஐஸ் போட்ட பிளாஸ்கில், கிளாலிக் கடலால் அது வந்தது. கிளாலியிலிருந்து பிளாஸ்கைச் சைக்கிளில் கொண்டுவந்தவர் எங்கள் உதவியாளர் தியாகலிங்கம். இரண்டு மணித்தியாலத்தில் வரவேண்டியவர் நாலு மணித்தியாலம் கழித்து வந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சேறு. மறுநாளிலிருந்து மட்டுவில், நுணாவில் பக்கம் முப்பது நாய்களுக்கு நான் ஊசி போட்டேன். சரசாலை, வரணிப் பக்கம் முப்பது நாய்களுக்கு அவர் போட்டார். ஒரு மாதம் கழிந்தது. ஊசி போட்ட நாய்களுக்கே கண்ணில் பீளை, மூக்கில் சளி, கடைசியில் வாய் வெட்டி வெட்டி வலிப்பு. செத்தவை பன்னிரண்டு. பதினொன்று மட்டுவில் பக்கம். ஒன்று சரசாலையில்.

அந்தப் பன்னிரண்டாவது நாயை வைத்துத்தான் நான் வழக்கை முடித்தேன். என் பக்கமும் சாகிறது, அவர் பக்கமும் சாகிறது. ஆகவே ஊசி போட்ட கையில் பிழை இல்லை, மருந்திலேயே பிழை. மருந்து யார் கையில் இருந்தது? சேற்றுச் சட்டை, இரண்டு மணித்தியாலத் தாமதம். எங்கோ குடித்துவிட்டு விழுந்து கிடந்திருக்கிறார், பிளாஸ்க் வெயிலில் கிடந்திருக்கிறது. அல்லது நல்ல குப்பிகளை விற்றுவிட்டு மாற்றி வைத்திருக்கிறார்.

ஆடு மாடுகளோடு சனம் நிறைந்திருந்த இதே கந்தோரில் அவருடைய பையை மேசையில் கொட்டச் சொன்னேன். அரைவாசிப் பாண், ஒரு சீப்பு, அட்டை கிழிந்த ஆங்கில அகராதி, மருந்துப் பெட்டிக்குள் வரும் துண்டுக்கடதாசி ஒன்று. வேறெதுவும் இல்லை. இருந்தும் விடவில்லை. “நீர் செய்த வேலைக்கு” என்று தொடங்கினேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவரை, அதுவரை ‘நீங்கள்’ என்று அழைத்தவரை, ‘நீர்’ என்றேன்.

அவர் பொருட்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். “என்ரை நாயளையும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ அம்மா,” என்று மட்டும் சொன்னார். தான் ஊசி போட்ட நாய்களைச் சொன்னார். என்ன துணிவு என்று நினைத்தேன்.

இன்று மூன்று மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வருகிறார். என் அறிக்கை நின்றால் தியாகலிங்கம் கள்ளன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போவார். வைரஸ்தான் காரணம் என்றால் அவர் தப்புவார், நானும் அவரைத் தவறாகச் சந்தேகித்தேன் என்ற சின்ன வருத்தத்தோடு தப்புவேன். அந்தச் சந்தோஷம்தான் எனக்கு வந்தது.

“வெளிக்கிடுங்கோ,” என்றாள் கத்தரீனா. “உயிரோடை இருக்கிற நாய் ஒண்டு எனக்குத் தெரியும். பொன்னம்பலம் மாஸ்ரரின்ரை சீசர் செத்ததெல்லோ? அதின்ரை கூடப்பிறந்தது சரசாலையிலை, மாஸ்ரரின்ரை தங்கச்சி வீட்டிலை நிக்குது. பேர் வீமன்.”

“அது எங்கடை பதிவிலை இல்லையே.”

“செத்த நாயைப் பற்றிச் சொல்லத்தான் சனம் கந்தோருக்கு வரும். ‘டொக்டர், எங்கடை நாய் நல்லாக் குரைக்குது’ எண்டு சொல்ல ஆரும் பஸ் ஏறி வருவினமே?”

சைக்கிளை எடுக்கும்போதுதான் அந்தச் சொல் என்னைக் குத்தியது. செத்தவற்றைத்தான் நான் எண்ணியிருந்தேன். இருப்பவற்றை ஒருநாளும் எண்ணவில்லை.

*

வீமன் படலைக்கு மேலால் பாய்ந்து கத்தரீனாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தான்.

“இவனுக்கு வருத்தம் ஒண்டுமில்லை,” என்றாள் அவள், தலைப்பை இழுத்தபடி. “குணம்தான் சரியில்லை.”

மாஸ்ரரின் தங்கை பாலேஸ்வரி அக்கா குளித்து, திருநீறு பூசி, ஈரத் தலையோடு வந்தார். கடும் சைவம். கிணற்றடிக்கு யார் வருகிறார்கள் போகிறார்கள் என்பதில்கூடக் கணக்குப் பார்ப்பவர். வீமன் எப்போதாவது நோயாளி நாயோடு சேர்ந்தானா என்று கேட்டேன்.

“சேந்ததோ? அண்ணை வீட்டுச் சீசர் சாக முதல் மூண்டு நாள் இஞ்சைதான் கிடந்தவன். ரெண்டும் ஒரே சாக்கிலை படுத்ததுகள். சீசரின்ரை மூக்கை இவன் நக்கினவன். நான் இவனும் துலைஞ்சான் எண்டுதான் இருந்தனான்.”

நான் கத்தரீனாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒரே தாயின் குட்டிகள், ஒரே பிளாஸ்க், ஒரே வைரஸ், ஒரே சாக்கு. ஒன்று மண்ணுக்குள், மற்றது என் செருப்பைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. பிளாஸ்க் வெயிலில் கிடந்திருந்தால் இவனும் செத்திருக்க வேண்டும். மாறிப்போன வைரஸைத் தடுப்பூசியால் பிடிக்க முடியாதென்றால் இவனும் செத்திருக்க வேண்டும். என் இரண்டு குற்றவாளிகளும் ஒரே நிமிடத்தில் விடுதலையானார்கள்.

“இவனுக்கு ஊசி போட்டது தியாகலிங்கமோ, அக்கா?”

“அந்த மனுசன்ரை பேரை இந்த வளவுக்குள்ளை எடுக்காதையுங்கோ பிள்ளை!” அக்காவின் குரல் உயர்ந்தது. “வந்த ஆள், ‘ஊசி அவிக்க ஒரு பானை தாங்கோ’ எண்டார். என்ரை சமையற் பானையிலை நாய்க்குக் குத்துற ஊசியை அவிக்கிறதோ? ஏலாது எண்டன். ‘பானை இல்லாட்டில் ஊசி இல்லை’ எண்டு சொல்லிப்போட்டுப் படலையடியிலை குந்தியிட்டார். ஒரு மணித்தியாலம்! வழி தெருவாலை போற சனமெல்லாம் பாக்குது. மானம் போகுதே எண்டு புட்டுப்பானையைக் குடுத்தன். விறகு எரிச்சு, ஊசியைப் போட்டுக் கொதிக்கவைச்சு, பேந்து அது ஆறுமட்டும் காவல். அவர் போனாப் பிறகு பானையை வேலிக்கு வெளியிலை போட்டு உடைச்சனான்.”

“புட்டுக்கு?” என்றாள் கத்தரீனா.

“ரெண்டு மாதமா இடியப்பம்!”

கத்தரீனா வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா என் பக்கம் திரும்பினார். அவருடைய முகம் கனிந்தது.

“நீங்கள் எவ்வளவு நல்லபிள்ளை. அண்ணை வீட்டை நானும் நிண்டனான். ஒரு சட்டி பானை கேட்டனீங்களோ? இல்லை. கைப்பையிலையிருந்து ஸ்பிரிட் போத்திலை எடுத்தீங்கள், ஊசிக்குள்ளை இழுத்துச் சிலாவி ஊத்தினீங்கள், மருந்தை இழுத்தீங்கள், குத்தினீங்கள். எங்கடை ஆசாரம் தெரிஞ்ச டொக்டர் எண்டு அண்ணி சொல்லிச் சொல்லி மாஞ்சவ.”

அந்தப் புகழ்ச்சியை நான் முன்பும் கேட்டிருக்கிறேன், பல வீடுகளில். அப்போதெல்லாம் கூச்சப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொள்வேன். இன்றைக்கு அது எங்கேயோ வேறு இடத்தில் விழுந்தது. எங்கே என்று எனக்கு உடனே பிடிபடவில்லை, அல்லது பிடிபட நான் விடவில்லை.

“வா, வேறை வீடுகளையும் பாப்பம்,” என்றேன்.

*

பத்து வீடு பார்த்தோம். எட்டில் தியாகலிங்கத்தின் மீது கோபம், எட்டிலும் நாய் உயிரோடு. ஒரு வீட்டில் கத்தோலிக்கர். பானை கேட்டதும் கொடுத்திருக்கிறார்கள், கோபமும் இல்லை, நாயும் நின்றது. பத்தாவது வீடு முத்துக்குமாருவினுடையது. என் வழக்கைத் தாங்கி நின்ற பன்னிரண்டாவது நாயின் வீடு.

முத்துக்குமாரு புகையிலைக் கன்றுக்கு வாய்க்காலில் தண்ணீர் மாற்றி விட்டுக்கொண்டிருந்தார். நாயைப் பற்றிக் கேட்டதும் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

“தியாகலிங்கம் வந்தவர்தான். பானை கேட்டார். மனுசி முடியவே முடியாது எண்டிட்டா. அவர் ஊசி போடாமலே போயிட்டார்.”

“ஊசி போடேல்லையோ? பதிவிலை போட்டதெண்டு இருக்கே?”

“போட்டதுதான். அடுத்தநாள் நாயைச் சைக்கிள் கரியரிலை வைச்சுக் கட்டிக்கொண்டு மட்டுவில் கோயிலடிக்கு வந்தனான். அங்கை ஒரே சனம். நீங்கள்தானே போட்டு விட்டனீங்கள் டொக்டர்! மறந்துபோனீங்களோ? ‘பானையும் வேண்டாம் சட்டியும் வேண்டாம்’ எண்டு சிரிச்சுச் சொன்னீங்கள்.”

எங்கள் பதிவில் நாயின் ஊர்தான் இருந்தது, ஊசி போட்டவரின் பெயர் இல்லை. ஒழுங்கைக்கு வந்து சைக்கிளைப் பிடித்தபோது கத்தரீனா கணக்கை முடித்துவிட்டாள். துப்பு ஒன்று பொருந்தினால் அவளால் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியாது.

“வேடிக்கையைப் பாத்தீங்களே டொக்டர்? பானை போன வீட்டிலை நாய் நிக்குது. பானை நிக்கிற வீட்டிலை நாய் போயிட்டுது. எடே, அப்ப கொலைகாரன் வந்து…”

அவள் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மதகுக் கட்டில் உட்கார்ந்தேன். கைப்பையைத் திறந்து ஸ்பிரிட் போத்தலை எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் மருந்துக்கே வழியில்லாத காலத்தில் நான் பத்திரப்படுத்திய போத்தல். ஒருதரம் குத்திவிட்டு எறியும் ஊசிகள் வருவதில்லை. கண்ணாடி ஊசியை வீட்டுக்கு வீடு அவிக்க விறகும் இல்லை, பெண்கள் பானை தருவதுமில்லை. மூன்று வருடமாக நான் ஊசியை ஸ்பிரிட்டால் கழுவித்தான் விசர்நாய்த் தடுப்பூசி போட்டேன். அது செத்த வைரஸால் செய்த மருந்து. ஸ்பிரிட் அதை ஒன்றும் செய்யாது. எந்தக் குறையும் வரவில்லை. பழகிவிட்டது.

டிஸ்ரெம்பர் மருந்து அப்படியல்ல. அதில் இருப்பது பலவீனமாக்கிய வைரஸ், ஆனால் உயிருள்ளது. அது நாயின் உடம்புக்குள் உயிரோடு போனால்தான் உடம்பு பாடம் படிக்கும். ஊசிக் குழலின் ஈரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்பிரிட் போதும், அதைக் கொல்ல. முப்பத்தொரு நாய்களுக்கும் நான் குத்தியது பிணம்.

இது எனக்குத் தெரியாத விஷயமா? பேராதனையில் மூன்றாம் வருடப் பரீட்சையில் இதே கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். பேராசிரியர் அதை வகுப்பில் வாசித்தும் காட்டினார். தெரியாமல் செய்தேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. ஊர்ப் பெண்கள் என்னை நல்லவள் என்று சொன்னார்கள். அந்தச் சொல் இனித்தது. இனித்த இடத்தில் நான் யோசிப்பதை விட்டுவிட்டேன்.

“டொக்டர்,” என்றாள் கத்தரீனா. குரல் தாழ்ந்திருந்தது. “தியாகலிங்கம் அண்ணைக்கு இது தெரிஞ்சிருக்குமோ?”

“என்ரை நாயளையும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ எண்டு சொன்னவரெல்லோ.”

“அப்ப வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, மொக்கு மனுசன்.”

“மணி என்ன?”

“ரெண்டு பத்து.”

*

விசாரணைக்கு வந்த செல்வரட்ணம் ஐயா நல்ல மனிதர். எல்லோரும் சமாதானமாகப் போகவேண்டும் என்று விரும்புகிறவர். அதனால்தான் அவரிடம் எனக்குப் பயமாக இருந்தது. நான் வருவதற்கு முன்பே மேசையில் கிடந்த பேராசிரியரின் கடிதத்தைப் படித்திருந்தார். வெளி விறாந்தையில் நாய் இழந்தவர்களும், புதிதாக நாய்களைக் கொண்டுவந்தவர்களுமாக முப்பது பேர் இருந்தார்கள்.

தியாகலிங்கம் வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். என்னைக் கண்டு அவர் எழும்பியதைப் பார்க்க முடியாமல் நான் கதவைப் பார்த்தேன்.

“இருங்கோ டொக்டர், இருங்கோ,” என்றார் செல்வரட்ணம் ஐயா. “பிரச்சினை முடிஞ்சுது. வைரஸ் மாறிப்போச்சு எண்டு வெளிநாட்டிலையே சொல்லியிட்டாங்கள். ஒருத்தரிலையும் பிழை இல்லை. தியாகலிங்கம் நாளைக்கே வேலைக்கு வரலாம். ஒரு வசனம் எழுதிக் கையெழுத்தை வையுங்கோ.”

“வைரஸ் மாறினது உண்மை, ஐயா. ஆனால் தடுப்பூசி அதை நல்லாப் பிடிக்குது. சரசாலையிலை ஒரு நாய் வருத்தக்கார நாயோடை ஒரே சாக்கிலை படுத்தும் நிக்குது. தியாகலிங்கம் போட்ட ஒரு நாயும் சாகேல்லை. செத்த பன்னிரண்டும் நான் போட்டது. ஊசியை ஸ்பிரிட்டிலை கழுவி மருந்தைச் சாகடிச்சுப்போட்டன்.”

அவர் பேனையை மூடினார். திறந்தார். “அதை எழுதத்தான் வேணுமே? ஆள் தப்பியிட்டார்தானே. நீங்கள் இந்தப் பகுதிக்கு ஒரே டொக்டர். உங்கடை பேர் கெட்டால் சனம் ஆரை நம்பும்?” தியாகலிங்கத்தின் பக்கம் திரும்பினார். “நீங்கள் என்ன சொல்லுறியள்?”

தியாகலிங்கம் கைகளைக் கட்டிக்கொண்டார். “ஐயா சொல்லுறது சரி. அப்பிடியே எழுதுங்கோ. எனக்கு மனத்தாங்கல் ஒண்டும் இல்லை.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

“உங்களுக்கு முதலே தெரியுமோ?” என்று கேட்டேன்.

“மருந்துப் பெட்டிக்குள்ளை ஒரு கடதாசி இருந்தது அம்மா. அகராதியை வைச்சுப் பாத்தனான். ஊசியை அவிக்க வேணும், வேறை மருந்தாலை கழுவக்கூடாதெண்டு இருந்தது. பேந்து உங்களிட்டை ஸ்பிரிட் போத்திலைக் கண்டனான். சொல்லத்தான் வந்தன். டொக்டருக்குத் தெரியாததோ, இதுக்கு ஏதும் வேறை முறை இருக்கும் எண்டு நினைச்சுப்போட்டு விட்டிட்டன். அது என்ரை பிழைதான்.”

“கிளாலியிலையிருந்து வரேக்கை ஏன் பிந்தினது?”

“மேலை பொம்பர் பிளேன் சுத்தினது. வெளியிலை வெயில். ஒரு தோட்டக் கிணத்துக்குள்ளை பிளாஸ்கைக் கயித்திலை இறக்கிப்போட்டு, கயித்தைப் பிடிச்சுக்கொண்டு வாய்க்காலுக்குள்ளை படுத்திருந்தனான்.”

“ஏன் அதை அண்டைக்கே சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லை, அம்மா.”

கேட்கவில்லை. சேற்றைப் பார்த்தேன், தாமதத்தை எண்ணினேன், பையைக் கொட்டினேன். ஊர் சி.ஐ.டி. என்று சொல்லும் நான் ஒரு மனிதரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கத்தரீனா மெதுவாகச் சொன்னாள். “ஐயா, ஒரு வசனம் எழுதினால் எங்கடை கந்தோர் தப்பும். ஆனால் இனி வாற மருந்தையும் ஆராவது ஸ்பிரிட்டிலை கழுவுவினம். நாயளுக்கு வாசிக்கத் தெரியாது, அதுகள் சாகும்.”

செல்வரட்ணம் ஐயா எழுந்து விறாந்தைக் கதவைச் சாத்தப் போனார். “மெல்லக் கதையுங்கோ. வெளியிலை சனம்.”

“சாத்தாதையுங்கோ ஐயா,” என்றேன். “இவரை நான் கள்ளனெண்டு சொன்னது இந்தச் சனத்துக்கு முன்னாலை.”

வெளியே போய் நின்றேன். என்ன சொல்வதென்று வழியில் ஒத்திகை பார்த்த வசனங்கள் எதுவும் வரவில்லை. தியாகலிங்கம் கொண்டுவந்த மருந்து நல்ல மருந்து என்றேன். அவர் பானை கேட்டது சரி என்றேன். உங்கள் நாய்களைக் கொன்றது என் கை என்றேன். மூன்று வசனம். வலிப்பு வந்த நாயின் தாடைபோல என் தாடை ஆடியது.

பொன்னம்பலம் மாஸ்ரர் குடையை ஊன்றி எழுந்தார்.

“அப்ப என்ரை சீசருக்கு நீங்கள் குத்தினது வெறும் தண்ணியோ?”

“ஓம் மாஸ்ரர்.”

“அண்டைக்கு ஊசி போட்டு முடிய அவன் உங்கடை கையை நக்கினவன்.” பிறகு குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் போனார்கள். மற்றவர்கள் தங்கள் நாய்களின் கயிற்றைப் பிடித்தபடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். பக்கத்துத் தேவாலயப் போதகர் வீட்டு மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டியில் எட்டுக் குப்பி மருந்து மிச்சம் இருந்தது. கத்தரீனா யாரிடமும் கேட்காமல் போய் அதை எடுத்து வந்தாள். திரும்பி வந்து, செல்வரட்ணம் ஐயாவுக்குத் தேத்தண்ணீர் வைக்க அடுப்பில் இருந்த கேத்திலின் மூடியைத் திறந்து, இரண்டு கண்ணாடி ஊசியையும் கொதிக்கும் தண்ணீருக்குள் போட்டாள்.

“ஐயா, இண்டைக்கு உங்களுக்குத் தேத்தண்ணி இல்லை. கோபிக்காதையுங்கோ.”

“எனக்குச் சீனி வருத்தம், பரவாயில்லை,” என்றார் அவர்.

தண்ணீர் கொதித்தது. ஊசிகள் கேத்திலின் அடியில் தட்டும் சத்தம் கேட்டது. இருபது நிமிடம். பிறகு ஆறுவதற்குக் காத்திருந்தோம். அவ்வளவு நேரமும் தியாகலிங்கம் அடுப்படியில் நின்றார். நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன். எங்கே நிற்பதென்று தெரியாமல் நிற்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

வரிசையில் முன்னால் குணலட்சுமி என்ற இளம் பெண் நின்றாள். சணல் கயிற்றில் கட்டிய மண்ணிறக் குட்டி. மூன்று மாதம் இருக்கும். அவள் குட்டியைத் தன் காலோடு இழுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், தியாகலிங்கத்தைப் பார்த்தாள்.

“ஊசி ஆர் போடுறது?” என்று கேட்டாள். குரலில் மரியாதைக் குறைவு இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, கேட்டாள்.

“அவர்தான்,” என்றேன். “நான் நாயைப் பிடிக்கிறன்.”

அவள் யோசித்தாள். பிறகு கயிற்றை என்னிடம் நீட்டினாள். நான் நிலத்தில் முழங்காலிட்டு, குட்டியின் வாயை ஒரு கையாலும் கழுத்தை மறு கையாலும் அணைத்துப் பிடித்தேன். அதன் நெஞ்சு என் மணிக்கட்டில் படபடவென்று அடித்தது. தியாகலிங்கம் குனிந்தார்.

“இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கோ அம்மா,” என்றார்.

இறுக்கிப் பிடித்தேன்.